உருளைக்கிழங்கைக் குற்றவாளிக் கூண்டுல இருந்து கீழ இறக்குங்க

1/
உருளைக்கிழங்கை மெல்லிசா சீவி, பாலும் க்ரீமும் ஊத்தி ஓவன்ல வேகவைக்கிற டிஷ் ஒண்ணு ரீல்ஸ்ல ஓடிட்டே இருக்கு. ஒரு கூட்டம் அதுல நாலு சீஸ் ஸ்லைஸ், ரெண்டு கரண்டி மைதா, மயோனைஸ் எல்லாம் கொட்டுது. இன்னொரு கூட்டம் கமெண்ட்ல வந்து "உருளைக்கிழங்கு விஷம், சுகர் ஏத்தும், தொடாதீங்க"ன்னு பயமுறுத்துது. ரெண்டு பேரும் தப்பு. எப்படின்னு சொல்றேன். நீளமான த்ரெட். கடைசியில ரெசிபியும் உண்டு.

2/
முதல்ல அது என்ன டிஷ்? பேரு கிராத்தான் தோஃபினுவா. பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில, ஆல்ப்ஸ் மலையை ஒட்டி தோஃபினே என்ற பழைய மாகாணம் இருந்தது. கிரெனோபிள் நகரம் இருக்கிற பகுதி. அந்த ஊர்ச் சாப்பாடு இது. இந்தப் பேர் முதல்ல பதிவானது 1788 ஜூலை 12 அன்னைக்கு. காப் என்ற ஊர்ல நகர அதிகாரிகளுக்குக் கொடுத்த விருந்துல இதைப் பரிமாறியிருக்காங்க. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரு வருஷம் முன்னாடி.

3/
இதுல என்னென்ன இருக்கு? உருளைக்கிழங்கு. பால். க்ரீம். பூண்டு. உப்பு. கொஞ்சம் ஜாதிக்காய், மிளகு. ஓவன் பாத்திரத்துல தடவ வெண்ணெய். அவ்வளவுதான்.

சீஸ் எங்கேன்னு கேக்கறீங்களா? இல்லை. பிரான்ஸ்லயே சீஸும் முட்டையும் சேக்கறவங்க உண்டு, அதுக்குச் சண்டையும் உண்டு. ஆனா பழைய முறையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவங்க சீஸைக் கிட்டயே சேக்கமாட்டாங்க. பக்கத்து சவ்வா பகுதிக்காரங்க சீஸ் போட்டுச் செய்யறது தனி டிஷ், தனி பேர்.

4/
சீஸ் இல்லாம எப்படி கெட்டியா, வழவழன்னு வருது? கிழங்குல இருக்கிற மாவுச்சத்தாலதான். சீவின துண்டுல இருந்து ஸ்டார்ச் பால்ல இறங்கும். சூடு 60, 65 டிகிரியைத் தாண்டும்போது அது தண்ணியை இழுத்து ஊதும், பால் கெட்டியாகும். கஞ்சி காய்ச்சும்போது நடக்கிற அதே விஷயம்தான்.

5/
இப்ப ரீல்ஸைப் பாருங்க. கிழங்கை சீவி, மூணு தண்ணி விட்டுக் கழுவி, "ஸ்டார்ச் எல்லாம் போயிடுச்சு, இப்ப ஹெல்தி"ன்னு சொல்றாங்க. அடுத்த நிமிஷம் பால் கெட்டியாகலைன்னு ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போடறாங்க.

கார்ன்ஃப்ளார்னா என்ன? சோள ஸ்டார்ச். கிழங்குல சும்மா கிடைச்ச ஸ்டார்ச்சை சிங்க்ல ஊத்திட்டு, காசு கொடுத்து வாங்கின ஸ்டார்ச்சைக் கொட்டறதுக்குப் பேர் ஹெல்தியா?

6/
சரி, சமையலை விடுங்க, இனி என் ஏரியாவுக்கு வர்றேன். உருளைக்கிழங்கைப் பாத்து மனுஷன் பயப்படறது புதுசு இல்லை. 18ஆம் நூற்றாண்டுல பிரான்ஸின் பல பகுதிகள்ல உருளைக்கிழங்கு சாப்பிட்டா தொழுநோய் வரும்னு நம்பினாங்க. பன்னிக்குப் போடற தீவனம்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க.

7/
அந்தப் பயத்தை உடைச்சதுல பெரிய பங்கு பார்மென்தியே என்ற ராணுவ மருந்தாளருக்கு. ஏழாண்டுப் போர்ல பிரஷ்யாக்காரங்ககிட்ட சிறைப்பட்டார். அங்க சிறையில அவருக்குப் போட்டதே உருளைக்கிழங்குதான். தின்னுட்டு நல்லாத்தான் திரும்பி வந்தார். வந்து பல வருஷம் இதுக்காகவே வாதாடினார். 1772ல பாரிஸ் மருத்துவப் பீடம் இது மனுஷன் சாப்பிடத் தகுந்த உணவுன்னு அறிவிச்சுது.

அதாவது, அன்னைக்கு ஜனங்களோட பயத்தைத் தெளியவெச்சது மருத்துவத் துறை. 250 வருஷம் கழிச்சு, கழுத்துல ஸ்டெத் மாட்டிக்கிட்டு ரீல்ஸ் போடறவங்க அதே பயத்தைத் திரும்பக் கிளப்பறாங்க.

8/
"பயந்தா என்ன டாக்டரம்மா, ஒரு காயை விட்டா என்ன குறைஞ்சு போச்சு?"ன்னு கேக்கலாம். குறையுது. எங்க ஆஸ்பத்திரி சுகர் ஓ.பி.யில வாராவாரம் பாக்கறேன்.

"என்னம்மா சாப்பிடறீங்க?"
"உருளைக்கிழங்கை விட்டு மூணு வருஷம் ஆச்சு டாக்டரம்மா."
"காலையில?"
"அஞ்சு இட்லி."
"மத்தியானம்?"
"சோறுதான். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை."
"சாயங்காலம்?"
"டீயும் பன்னும்."

சுகர் ரிப்போர்ட் 300ல நிக்குது. ஆனா அந்த அம்மா மனசுல தான் பத்தியம் இருக்கறதா முழு நிம்மதி. ஏன்னா கிழங்கைத் தொடலையே!

9/
இதை விட மோசம் ஒண்ணு இருக்கு. கால்ல புண்ணோட வந்தார் ஒரு பெரியவர். கட்டைவிரல் கறுத்துப் போச்சு. மாத்திரை எடுக்கறீங்களா ஐயான்னு கேட்டா, "எட்டு மாசமா இல்லைங்க. வீடியோல சொன்னாங்க, கிழங்கு, சர்க்கரை ரெண்டையும் விட்டா மாத்திரையே வேணாம்னு. நான் ரெண்டையும் விட்டுட்டேன்."

விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. வீடியோ போட்டவருக்கு வியூஸ் போச்சு, விரல் போகலை. இந்த த்ரெட் எழுதறதுக்குக் காரணமே இதுதான்.

10/
இப்ப கணக்கு. வெறுமனே வேகவெச்ச உருளைக்கிழங்கு 100 கிராம்: சுமார் 87 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து. வடிச்ச வெள்ளைச் சோறு 100 கிராம்: சுமார் 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து.

எடைக்கு எடை வெச்சா எது அதிகம்னு நீங்களே பாருங்க. கிழங்குல கூடவே பொட்டாசியம், வைட்டமின் சி, கொஞ்சம் நார்ச்சத்து. இதுல எதை விஷம்னு சொல்றீங்க?

11/
"உருளைக்கிழங்குக்கு கிளைசீமிக் இண்டெக்ஸ் அதிகம்தானே?" ஆமா, அதிகம்தான். மறைக்க மாட்டேன். வேகமா சுகரை ஏத்தும். ஆனா நம்ம வெள்ளைச் சோறும் இட்லியும் மட்டும் மெதுவா ஏத்துதா?

நம்ம ஊர்ல உருளைக்கிழங்கை யாரும் சோத்துக்குப் பதிலா சாப்பிடறதில்லை. சோத்துக்கு மேல சாப்பிடறோம். சாம்பார் சாதம், தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். பூரிக்கு மசால். மாவு மேல மாவு. அந்தத் தட்டுல தப்பு பண்ணது கிழங்கு இல்லை, அடுக்கி வெச்ச நாமதான்.

12/
ஆதாரம் கேப்பீங்க. 2025 ஆகஸ்ட்ல பி.எம்.ஜே. இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுகாதாரத் துறைப் பணியாளர்களைப் பல பத்து வருஷம் தொடர்ந்து கவனிச்ச தரவு. வாரத்துக்கு மூணு தடவை ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் சாப்பிட்டவங்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு 20% அதிகம். வேகவெச்சது, சுட்டது, மசிச்சது? குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை.

13/
அதே ஆய்வுல இன்னொரு விஷயம். உருளைக்கிழங்குக்குப் பதிலா முழு தானியம் சாப்பிட்டா ஆபத்து குறையுது. நல்லது. வேகவெச்ச கிழங்குக்குப் பதிலா வெள்ளை அரிசி சாப்பிட்டா? ஆபத்து கூடுது.

திரும்பப் படிங்க. கிழங்கை விட்டுட்டு அந்த இடத்துல இன்னொரு கரண்டி சோறு வெக்கற நம்ம பழக்கத்தைத்தான் இது தொடுது.

14/
உடனே "டாக்டரே சொல்லிட்டாங்க"ன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபார்வர்டு பண்ணாதீங்க. இது கவனிச்சு எழுதின ஆய்வு, காரணத்தை நிரூபிச்ச ஆய்வு இல்லை. அவங்க தட்டு வேற, நம்ம தட்டு வேற. ஆனா "கிழங்குன்னாலே சுகர்"னு ஒத்தை வரியில தீர்ப்பு சொல்றவங்ககிட்ட இந்த அளவு ஆதாரம்கூட இல்லை. என்ன ஆதாரம்னு கேட்டுப் பாருங்க, பிளாக் பண்ணுவாங்க.

15/
இப்ப அடுத்த கட்சிக்கு வர்றேன். சீஸ் கட்சி. "இது வறுக்கலை, பேக் பண்ணது, கில்ட் ஃப்ரீ"ன்னு பேசறவங்க.

ஒரு பாத்திரத்துக்கு ரெண்டு பாக்கெட் க்ரீம், பத்து சீஸ் ஸ்லைஸ், நூறு கிராம் வெண்ணெய் போட்டுட்டு, எண்ணெயில பொரிக்கலைன்னு பெருமைப்படறதுல என்ன இருக்கு? பொரிச்சிருந்தாக்கூட இவ்வளவு கொழுப்பைக் கிழங்கு குடிச்சிருக்காது.

16/
சீஸ் ஸ்லைஸ்ல இன்னொரு ஆள் ஒளிஞ்சிருக்கார்: உப்பு. பாக்கெட் பின்னாடி சோடியம்னு போட்டிருக்கும், பாருங்க. 400 மில்லிகிராம் சோடியம்னா கிட்டத்தட்ட 1 கிராம் உப்புன்னு கணக்கு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊறுகாயும் அப்பளமும் ஏற்கெனவே பாதியைத் தின்னுடும். பி.பி. மாத்திரை போடறவங்க சீஸ் ஸ்லைஸை எண்ணிப் போடுங்க. இந்த டிஷ்ஷுக்கு அது தேவையே இல்லைங்கறதுதான் நல்ல செய்தி.

17/
அடுத்து, க்ரீம். இது முக்கியம். கடையில "விப்பிங் க்ரீம்"னு விக்கிற எல்லாமே பால் க்ரீம் இல்லை. கேக் மேல அடிக்கிற டாப்பிங் பலதும் தாவர எண்ணெய், பெரும்பாலும் பாம் கர்னல் எண்ணெய், கூட சர்க்கரை. அதை ஊத்தினா டிஷ்ஷும் இனிக்கும், உடம்புக்கும் கேடு.

நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கொழுப்பு கம்மியான க்ரீம்னு விக்கறதுல கூட பால் கொழுப்பு குறைஞ்சது 25% இருக்கணும். பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. "பால் கொழுப்பு"ன்னு இருந்தா வாங்குங்க. "ஹைட்ரஜனேட்டட்"னு இருந்தா வெச்சுட்டு வாங்க.

18/
டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய், கொழுப்புல 2%க்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2022 ஜனவரியில இருந்து இந்தியாவுல விதி. நல்ல விதி. ஆனா அது இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு அர்த்தம் இல்லை. டிரான்ஸ் கொழுப்பு குறைஞ்சாலும் பாம் கர்னல் எண்ணெயில நிறைவுற்ற கொழுப்பு பாலை விட அதிகம். லேபிள் படிக்கறது அரை நிமிஷ வேலை.

19/
"அப்போ பால் க்ரீம் நிறைவுற்ற கொழுப்பு இல்லையா?" நிறைவுற்ற கொழுப்புதான். அதனாலதான் அளவு சொல்றேன். கீழ வர்ற ரெசிபி நாலு பேருக்கு. ஒரு ஆளுக்கு சுமார் 260 கலோரி, 31 கிராம் மாவுச்சத்து, 12 கிராம் கொழுப்பு. அதுல 7, 8 கிராம் நிறைவுற்றது. 2000 கலோரி சாப்பிடறவருக்கு ஒரு நாள் உச்சவரம்பு சுமார் 22 கிராம். மூணுல ஒரு பங்கு இதுலயே போயிடும். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. தினமும்னா உண்டு.

31 கிராம் மாவுச்சத்துன்னா மூணு சின்ன இட்லி அளவு. அதனால இதைச் சாப்பிடற வேளைக்கு இட்லியோ சோறோ சேர்த்து வெக்கக்கூடாது. இதுதான் மொத்த த்ரெட்டோட சாரம்.

20/
சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமா? சுகர் ஓரளவு கட்டுப்பாட்டுல இருந்தா சாப்பிடலாம், இந்த ஒரு பங்கு மட்டும். தட்டுல பாதி காய்கறி, கால்வாசி மீனோ முட்டையோ சுண்டலோ, மீதி கால்வாசி இது. காயை முதல்ல சாப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுல மெஷின் இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாருங்க. உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு அந்த மெஷின் சொல்லும், ரீல்ஸ் சொல்லாது. மாத்திரை, இன்சுலினை மட்டும் நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம்.

21/
யார் சாப்பிடக்கூடாது? கிட்னி கோளாறு இருந்து, பொட்டாசியம் குறைக்கச் சொன்னவங்க. 100 கிராம் கிழங்குல 400 மில்லிகிராமுக்கும் மேல பொட்டாசியம் இருக்கு. அவங்களுக்கு நிறைய தண்ணியில வேகவெச்சு அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டச் சொல்வோம். இந்த டிஷ்ல வடிக்கிற வேலையே இல்லை, எல்லாம் உள்ளயே இருக்கும். பால்லயும் பொட்டாசியம் உண்டு. டயாலிசிஸ்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு இதைத் தவிர்த்துடுங்க.

பச்சை பிடிச்ச கிழங்கு யாருக்குமே வேணாம், சோலனின் நச்சு இருக்கும், வேகவெச்சாலும் போகாது. நிறைய முளை விட்டதையும் தூக்கிப் போடுங்க. உருளைக்கிழங்குல நிஜமா விஷம்னு ஒண்ணு இருக்குன்னா அது இதுதான்.

22/
இன்னொரு புரளி: "வேகவெச்சு ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வெச்சா ஸ்டார்ச் மாறிடும், சுகர் ஏறாது." பாதி உண்மை. ஆறும்போது கொஞ்சம் ஸ்டார்ச் செரிக்காத வகையா மாறும். கொஞ்சம்தான். மீதி எல்லாம் அப்படியே சுகராத்தான் போகும். ஃப்ரிட்ஜ்ல வெச்சது மருந்து இல்லை, மீந்த சாப்பாடு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள வெச்சு, நல்லா சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

23/
இப்ப ரெசிபி. நாலு பேருக்கு:
உருளைக்கிழங்கு 600 கிராம்
பால் 400 மி.லி. (ஆவின் பச்சை பாக்கெட் சரியா இருக்கும்)
பால் க்ரீம் 100 மி.லி.
பூண்டு 3 பல்
உப்பு முக்கால் டீஸ்பூன்
ஜாதிக்காய் துருவினது ஒரு சிட்டிகை, மிளகுத்தூள்
வெண்ணெய் 1 டீஸ்பூன்

24/
தோல் சீவி, முழுக் கிழங்கா கழுவித் துடைச்சுடுங்க. அப்புறம் 3 மில்லிமீட்டர் கனத்துல வட்டமா சீவுங்க. சீவினதைக் கழுவாதீங்க. ஏன்னு 4ஆவது போஸ்ட்ல சொல்லியாச்சு.

அடிகனமான பாத்திரத்துல பால், தட்டின ரெண்டு பூண்டு, உப்பு, மிளகு, ஜாதிக்காய். துண்டுகளைப் போட்டு சிறுதீயில பத்து நிமிஷம். அப்பப்போ அடி பிடிக்காம மெதுவா திருப்பி விடுங்க. தளதளன்னு கொதிக்க விடாதீங்க, பால் திரியும். பால் கரண்டியில ஒட்ட ஆரம்பிச்சா போதும்.

25/
ஓவன் பாத்திரத்துல மீதிப் பூண்டை அரக்கித் தேய்ச்சு, வெண்ணெய் தடவி, கிழங்கைப் பாலோட சாய்ச்சுப் பரப்புங்க. மேல க்ரீம். 160 டிகிரியில 50 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம். கத்தி தடங்கல் இல்லாம இறங்கணும், மேல் பக்கம் பொன்னிறமா செவக்கணும். எடுத்ததும் கரண்டி போடாதீங்க, பத்து நிமிஷம் ஆறினாத்தான் கெட்டியாகும்.

ஓவன் இல்லையா? அடுப்புல தோசைக்கல் வெச்சு, அது மேல இந்தப் பாத்திரத்தை மூடி போட்டு சிறுதீயில அரை மணி நேரம் விடுங்க. அதுக்குக் கண்ணாடி, பீங்கான் வேணாம், கனமான எவர்சில்வர் போதும். மேல செவக்காது. ருசி வரும்.

26/
எண்ணிப் பாருங்க. மைதா இல்லை, சீஸ் இல்லை, மயோனைஸ் இல்லை. சீஸ் காசும் மிச்சம். 1788ல பரிமாறின டிஷ்ஷை "ஹெல்தி வெர்ஷன்" ஆக்கறதுக்கு நாம ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதுல பின்னாடி சேத்த குப்பையை எடுத்தாலே போதும்.

27/
கடைசியா ஒண்ணு. இனி யாராவது ஒரு உணவை "விஷம்"னோ "அமிர்தம்"னோ சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு? எதோட? எதுக்குப் பதிலா? இந்த மூணுக்கும் பதில் சொல்லாம பயமுறுத்தறவர் மருத்துவம் பேசலை, வியாபாரம் பேசறார். கீழ பயோவுல ஒரு பவுடர் லிங்க் இருக்கும், போய்ப் பாருங்க.

28/
உங்க அப்பா, அம்மா கிழங்கை விட்டுட்டுச் சோத்தை ஏத்திக்கிட்டு இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. மாத்திரையை நிறுத்திட்டு இருந்தா இன்னைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சுகர், பி.பி. மாத்திரை அங்க இலவசம். நடக்க முடியாதவங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருது. வெக்கப்படாம கேளுங்க, "நடுவுல நிறுத்திட்டோம்"னு சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டோம். சரி, கொஞ்சம் திட்டுவோம். ஆனா மாத்திரை கொடுத்துட்டுத்தான் திட்டுவோம்.


அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.